புங்கமரத்தை வெட்டச் சொல்லி நான் எழுதிய மனு

வாயால் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவன் கையில் பேனாவைக் கொடுக்கக் கூடாது. ஐம்பத்திரண்டு வயதில் இதைக் கற்றுக்கொண்டேன்.

சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பில் எழுதுகிறேன். படிப்பு பத்தாவது, கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். பசுமலையில் ஒரு மாடி அறையில் தனி வாசம். ஜன்னலைத் திறந்தால் எட்டிப் பார்ப்பது ஒரு புங்கமரம்தான். (வேறு யாரும் வருவதில்லை. நானும் கூப்பிட்டதில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டுப் பால்பாண்டி அண்ணன் வெள்ளைத்தாளோடு மாடியேறி வந்தார். என்னைத் தேடி ஒருவர் வந்த சந்தோஷத்தில் டீ போட்டேன்.

“தம்பி, அந்த மரத்த வெட்டச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதணும். எம்புட்டுக் குப்பை! காக்கா எச்சம் வேற. சாயங்காலமானா ஒரே கத்தல். நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சீனி போதுமாண்ணே?” என்று வந்தது.

அன்று மதியமே எழுதினேன். சத்தியமாக, வெட்டச் சொல்லித்தான் எழுதினேன். தெருவின் முப்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். (மனுவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் எங்கள் தெருவில் இல்லை.)

சில நாளில் அதிகாரி நேரிலேயே வந்தார். மரத்தடியில் தெருவே கூடியிருக்க, மனுவைச் சத்தமாக வாசித்தார்.

“‘மேற்படி மரம் பங்குனியில் வாசலெங்கும் பொரி இறைத்ததுபோல் பூ உதிர்க்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் மைனாக்கள் இருட்டும்வரை அன்றைய சேதிகளைப் பேசிக்கொள்கின்றன. காக்கைகள் இரண்டு குடும்பமாக வசிக்கின்றன. ஆகவே மரத்தை அகற்றித் தருமாறு...’”

கண்ணாடியைக் கழற்றினார். “யாருண்ணே எழுதுனது? மரத்த வெட்டச் சொல்றீங்களா, பொண்ணு பாக்க வரச் சொல்றீங்களா?”

தெரு சிரித்தது. பால்பாண்டி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “குப்பைன்னுதான தம்பி சொன்னேன்?”

“அப்படி எழுத கை வரலண்ணே.”

“அப்ப வெட்டவா, வேணாமா?” என்றார் அதிகாரி, என்னைப் பார்த்து. முப்பது வீடும் என்னைப் பார்த்தது.

“வேணாம் சார்.”

மின்கம்பியில் உரசிய இரண்டு கிளைகளை மட்டும் மாநகராட்சி ஆட்கள் வெட்டிவிட்டுப் போனார்கள்.

பால்பாண்டி அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில் கீழே இருந்து குரல் வந்தது: “ஏ பொண்ணு வீட்டுக்காரரே! ஒங்க பொண்ணு வாசல் பூரா பொரிய இறைச்சு வச்சிருக்கு. வந்து கூட்டுங்க!”

தெரு அதைப் பிடித்துக்கொண்டது. கொரியர்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டால், “அப்படி யாரும் இல்லையே” என்கிறார்கள். ‘பொண்ணு வீட்டுக்காரர்’ என்றால் குழந்தைகூட மாடியைக் காட்டுகிறது.

தினமும் விளக்குமாற்றோடு இறங்குகிறேன். கூட்டி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கேலி பேச நின்றுவிடுகிறார். அதனால், கொஞ்சம் மெதுவாகவே கூட்டுகிறேன்.