பொட்டி நைனாவின் கிண்ண ஐஸ்

பத்திரிகைக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். வீடு தேடி வருகிறவர்களிடம்கூட "எந்தக் கலர் நூல் போடட்டும்?" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொட்டி நைனாவைப் பற்றி எங்கள் தெருவில் வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால்தான் இந்தத் துணிச்சல்.

சென்னை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் சரி, பிணம் வைக்கிற பெட்டிக்குள் நாய்களுக்கு ஐஸ் செய்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மயிலாப்பூரில் எங்கள் சந்து முனையில் அவர் கடை. சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுவது தொழில். கண்ணாடி மூடி போட்ட ஒரே ஒரு நீளப் பெட்டி. அதைக் கொண்டுபோக ஒரு பழைய வேன், ஓட்ட குமார் என்று ஒரு டிரைவர். கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை, அங்கே நைனா தனியாக இருந்தார். ஆள் ரொம்பக் குள்ளம். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் பிரச்சினையே. காலையில் ஆபீஸுக்குப் போகிறவரைப் பார்த்து, "இன்னா சார், ஒடம்பு நல்லா கீதா?" என்று அன்பாக விசாரிப்பார். கேட்கப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பி வந்து பிரஷர் பார்த்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெட்டி ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பியதும் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, பினாயில் போட்டுத் துடைத்து, சாம்பிராணி காட்டுவார். அதற்கப்புறமும் அடுத்த சாவுக்கு நேராக அனுப்ப மாட்டார்.

"சாவுலேர்ந்து வந்த பொட்டி நேரா இன்னொரு சாவுக்குப் போவக் கூடாதும்மா. நடுவுல, உசுரு இருக்கிறவங்க துன்ற பொருள் ஒண்ணு உள்ள வெச்சி எடுக்கணும். அப்பத்தான் தீட்டு போவும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அந்தப் பெட்டியிலிருந்து எடுத்ததை மனிதர் யார் தின்பார்கள்? அதனால்தான் நாய்கள்.

சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் புளிக்காத தயிர், வேகவைத்து மசித்த பூசணிக்காய் அல்லது கேரட், கொஞ்சம் வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி வேகவைத்த தண்ணீர், உப்போ வெங்காயமோ இல்லாமல். சர்க்கரை அறவே கிடையாது. "சக்கரை மன்சனுக்கே ஆவல, அதுங்களுக்கு எதுக்கு?" என்பார். காலையில் பெட்டிக்குள் வைத்தால் உச்சிவேளைக்குக் கல் மாதிரி இறுகிவிடும். கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்து, கவிழ்த்துத் தட்டினால் முழுசாக விழும்.

அந்த உச்சிவேளையை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு சில்லிடும். கத்திரி வெயிலில் தெருவில் ஈ காக்கைகூட இருக்காது. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே இருட்டில் பெட்டி மட்டும் 'ர்ர்ர்' என்று உறுமும். கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருக்கும். நைனா அதை உள்ளங்கையால் வட்டமாகத் துடைத்து, யாரோ படுத்திருக்கிற மாதிரி குனிந்து எட்டிப் பார்ப்பார். "ஆச்சா? வந்துக்கினே கீறாங்க பார்ட்டிங்க" என்று உள்ளே பார்த்துப் பேசுவார். திரும்பினால் வாசலில் நான்கு நாய்கள், எப்போது வந்தன என்றே தெரியாமல், வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றும் குரைக்காது. ஐஸை நக்குகிற சத்தம் மட்டும் சந்து முழுக்கக் கேட்கும்.

ஒரு தடவை, அப்பா இறந்துபோய்ப் பெட்டி கேட்டு வந்த ஒருவர் சரியாக அந்த நேரத்தில் கடைக்குள் நுழைந்துவிட்டார். நைனா பெட்டிக்குள்ளிருந்து கிண்ணம் கிண்ணமாக எடுப்பதைப் பார்த்துவிட்டு, "இது... இதுவும் வாடகையில சேர்த்தியா?" என்றார்.

"ஐயோ, இது உங்கப்பாவுக்கு இல்ல சார். இது வெளிய குந்திக்கினு கீறவங்களுக்கு."

வந்தவர் வெளியே எட்டிப் பார்த்தார். நாய்கள் அன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை. காலி வாசல். அவர் அடையாறிலிருந்து வேறு பெட்டி வரவழைத்துக்கொண்டார் என்று கேள்வி.

விஷயம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெட்டி வாடகைக்குப் போகிற நாட்களில் கடையில் ஐஸ் இருக்காதே. நாய்கள் பெட்டியைத் தேடிப் போகும். பக்கத்துத் தெருவானாலும் எப்படியோ கண்டுபிடித்து, சாவு வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். தெருவில் உள்ளவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். நாய் உட்கார்ந்த வீட்டில் சாவு என்று பேச்சு கிளம்பிவிட்டது. முதலில் வந்தது பெட்டியா, நாயா என்று யாரும் யோசிக்கவில்லை.

எதிர்வீட்டு மாமிக்கு எண்பதைத் தாண்டிய வயசு. ஒருநாள் கறுப்பி என்கிற நாய் நிழலுக்காக அவர் கேட் பக்கம் ஒதுங்கியது. மாமி மாடியிலிருந்தே, "அடியே, எனக்கு இன்னும் நாள் இருக்குடி! பேத்தி கல்யாணம் பாக்கி. பக்கத்தாத்துல போய் உக்காந்துக்கோ!" என்று கத்தினார்.

கீழே நின்றிருந்த நைனா சிரித்தார். "பயப்படாத மாமி. பொட்டில ஒனக்கு எடம் பத்தாது. எனக்குத்தான் கரெக்டு. நான் பட்தா கால் பக்கம் நாலு கிண்ணம் வெக்கலாம்."

"நாக்குல தர்ப்பையைப் போட்டுப் பொசுக்க! பேசற பேச்சைப் பாரு!" என்றார் மாமி.

போன வருடம் மே மாதம்தான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். "அதிர்ச்சி கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த அடுத்த வாரம், உச்சிவேளையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். எங்கள் வாசலில் நான்கு நாய்கள். வரிசையாக. வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு.

தண்ணீர் ஊற்றினேன், போகவில்லை. பிஸ்கெட் போட்டேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, படாரென்று ஜன்னலை மூடினார். அந்தச் சத்தம்தான் என்னைக் கொன்றது. மறுநாளும் வந்தன. கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்: "எனக்காகத்தான் வந்திருக்குதா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேற்று ஆம்பிளையின் கடைக்குப் போய் நானாகப் பேசினேன். பெட்டி வாடகைக்குப் போயிருந்தது. காலி கடையில் நைனா உட்கார்ந்திருந்தார். "உங்க நாய்ங்க..." என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து என்னோடு வந்தார். வாசலில் நாய்களைப் பார்த்தார். உள்ளே வந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சாமி வந்தவர் மாதிரி மெதுவாகச் சமையலறைக்கு நடந்து, எங்கள் பழைய ஃபிரிட்ஜின் மேல் காதை வைத்தார்.

"இதுல யாரு கை வெச்சது?"

"போன வாரம் மெக்கானிக் வந்து கம்ப்ரஸர் மாத்தினார்."

"ஜாம்பஜார் மெக்கானிக்கா? எம் பொட்டிக்கும் அவன்தாம்மா. ரெண்டுத்துக்கும் ஒரே மாதிரி மோட்டார் போட்டுக்கீறான், கயிதை. கேளு."

கேட்டேன். அதே 'ர்ர்ர்'. அவர் பிளக்கைப் பிடுங்கினார். வீடு அமைதியானது. வாசலில் கறுப்பி எழுந்து சோம்பல் முறித்தது. ஒவ்வொன்றாக நான்கும் கிளம்பிப் போயின.

வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து, "ஏங்க, நான் பொழச்சிட்டேனா?" என்று கேட்டார்.

"நீ பொழச்சிட்ட சார். ஃபிரிட்ஜுதான் பூட்ச்சி" என்றார் நைனா. ஸ்டென்ட் வைத்த பிறகு என் வீட்டுக்காரர் சிரித்தது அன்றுதான்.

போகும்போது, குமாரிடம் நான்கு கிண்ணங்களைக் கொடுத்தனுப்புவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பிளக்கை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்; பெட்டி வெளியே போகிற நாட்களில் இனி என் ஃபிரிட்ஜில் ஐஸ். "அதுங்க வர்றது சாவுக்கு இல்ல, ஐஸுக்குன்னு தெருவே பாக்கட்டும்" என்றார். தெருவும் பார்த்தது. மாமிகூட ஜன்னலைத் திறந்து, "தயிர் என் ஆத்துல நெறைய இருக்கு, வேணும்னா கேளு" என்றார்.

இந்த வருடம் தை பிறந்த கையோடு ஒரு நாள். பெட்டி கடையில்தான் இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. என் வாசலிலிருந்தே சத்தம் கேட்டது. உச்சிவேளைக்கு நாய்கள் வந்தன. ஆனால் ஷட்டர் பக்கம் போகவில்லை. மாடிப்படியின் கீழே வரிசையாக உட்கார்ந்து மேலே பார்த்தன. மாடி அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. எந்த மோட்டாரும் கிடையாது. நான் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

குமாரைக் கூப்பிட்டேன். அவன் மாடிக்கு ஓடினான். நைனா காலை வேலையை முடித்துவிட்டு, பாயில் சும்மா சாய்ந்தவர் சாய்ந்தபடியே போயிருந்தார்.

பெரும்பாக்கத்திலிருந்து அவர் அக்கா வந்தார். நைனாவை அவருடைய பெட்டியிலேயே படுக்கவைத்தார்கள். கூட்டம் சேர்ந்தது. நாய்கள் கூட்டத்துக்குள் புகுந்து பெட்டியருகே போய், கண்ணாடியையே பார்த்து உட்கார்ந்தன. விரட்டினால் நகரவில்லை.

"இன்னாடா இது, உள்ள யார்னா எழுந்து குந்துறாங்களா?" என்று யாரோ முணுமுணுக்க, நாலு பேர் பின்னால் நகர்ந்தார்கள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு மட்டும் புரிந்தது. அத்தனை பேருக்கு நடுவில் நான் முன்னால் போனேன். கண்ணாடியின் பனியை உள்ளங்கையால் வட்டமாகத் துடைத்தேன். கால் பக்கம், வேட்டி நுனிக்குக் கீழே, காலையில் அவர் வைத்த நான்கு கிண்ணங்கள். அழுகையில் குமார் கண்ணில் அவை படவே இல்லை. அவர் சொன்னபடி இடம் சரியாகத்தான் இருந்தது.

"மூடியத் தொறங்க" என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துத் தட்டினேன். ஒப்பாரி நின்றுவிட்டது. நாய்கள் நக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசிக் கிண்ணத்தை எடுக்கும்போது என் கை அவர் பாதத்தில் பட்டது. நான் எடுத்துவிடவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

மறுநாள் குமார் பெட்டியைக் கழுவி, சாம்பிராணி காட்டினான். என்னிடம் வந்து கிண்ணங்களை வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம்தான் பெட்டி கிண்டியில் அடுத்த சாவு வீட்டுக்குப் போனது.