மாமனார் வாயை மூடிய பிஸ்கட்

மனைவி மசக்கையாக இருக்கும்போது கணவன் செய்யக்கூடிய பெரிய உதவி, சமையலறைப் பக்கம் போகாமல் இருப்பதுதான். இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்படியொரு வயசு.)

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்களுடையது கைத்தறி வீடு. முன்கூடத்தில் தறி, பின்கட்டில் நூல், மிச்சமிருந்த இடத்தில் குடும்பம். என் மனைவி சரோஜா சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவளுக்கு மூன்றாம் மாதம். பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாக மாமனார் சொல்லியனுப்பிவிட்டார். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் தாய்வீடு போவதுதான் முறை. மூன்றாம் மாதமே போனால், மருமகளுக்குச் சோறு போட வக்கில்லாத வீடு என்று தெருவே பேசும். தெரு கிடக்கட்டும், அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம் கேட்டேன்: "என்னதான் திங்கணும்போல இருக்குது? சொல்லு."

"எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட் சுடுவாங்க. மொறுமொறுன்னு, நடுவுல துண்டு துண்டா சாக்லேட்டு. அது இருந்தா ஒண்ணு தின்னுருவனுங்க."

வெண்ணெய், சர்க்கரை, மைதா என்று செய்முறையும் சொன்னாள். அப்போதே ஓடிப்போய் சாக்லேட் வாங்கிவந்தேன்.

மறுநாள் அம்மா கோயிலுக்குக் கிளம்பியதும் களத்தில் இறங்கினேன். சாக்லேட்டைப் பாக்குவெட்டியால் நறுக்கினேன். (அப்பாவின் வெற்றிலை ஒரு வாரம் இனித்தது.) வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, அலமாரிக்குக் கீழே இருந்த டின்னிலிருந்து வெள்ளை மாவைக் கொட்டினேன். உதிர்ந்தது, பால் ஊற்றினேன். அதற்கப்புறம் மாவின் போக்கே சரியில்லை. குத்தினால் கல்லாக நின்றது, அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகியது. வெள்ளைக்காரன் பலகாரம் இப்படித்தான் இருக்கும்போல என்று மரியாதையாக விட்டுவிட்டேன்.

அடுப்பில் குண்டா, அதற்குள் மணல், மணல்மேல் தட்டு, மூடியின்மேல் தணல். வெந்து இறங்கியபோது மேலே காய்ந்து, பார்வைக்கு அசல் பிஸ்கட்டாகவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்துவிட்டார். ரயிலில் கார்டு உத்தியோகம். அவர் பேசினால் பிளாட்பாரத்தின் மறுகோடிக்குக் கேட்கும்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. புள்ளைய இன்னைக்கே எங்கூட்டுக்கு..."

"இருக்கட்டுங்க மாமா, மொதல்ல இதச் சாப்புடுங்க."

மரியாதைக்கு முழுசாக வாயில் போட்டு ஒரு கடி கடித்தார். அவ்வளவுதான். கடித்த வாய் திறக்கவில்லை. மீசை மேலும் கீழும் ஆடியது, கண் உருண்டது, "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல இரண்டு கையையும் தூக்கினார்.

கோயிலிலிருந்து திரும்பிய அம்மா சம்பந்தியைப் பார்த்தாள், அப்புறம் திறந்துகிடந்த டின்னைப் பார்த்தாள்.

"அடக் கடவுளே! பாவுக்குக் கஞ்சி காய்ச்சற கெழங்கு மாவுடா அது! சம்பந்தி வாய்க்குக் கஞ்சி போட்டுட்டியே சாமி!"

மரவள்ளிக் கிழங்கு மாவு. நூல் விறைப்பாக நிற்க அதில்தான் கஞ்சி போடுவோம். தறிவீட்டில் பிறந்து அதை மைதா என்று நினைத்தவன் அம்மாபேட்டையிலேயே நான் ஒருவன்தான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பல நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். கண்ணைத் துடைத்தபடியே வந்து உட்கார்ந்தவள், பிசினாக நீண்ட பிஸ்கட்டிலிருந்து சாக்லேட் துண்டுகளை மட்டும் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரவில்லை.

"அத்தே, ரசஞ்சோறு கொஞ்சம் இருக்குங்களா?"

அம்மா அடுப்படிக்கு ஓடினாள். எனக்கு அழுகை வந்தது. (புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.)

வெந்நீரைக் கொப்பளித்துக் கொப்பளித்து மாமனாருக்கு வாய் திறந்தபோது, மகள் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தவர் குடையை எடுத்தார்.

"ஏழாம் மாசம் வாரேன் மாப்ள. பலகாரம் மட்டும் நீங்க செய்யாதீங்க."

அன்று வயிற்றிலிருந்த மகளுக்கே இப்போது மசக்கை. போன மாதம் அவளை அழைத்துவரப் போனேன். "மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க..." என்றுதான் ஆரம்பித்தேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் ஒரே ஒரு பிஸ்கட் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.