உம்பளத்துக்கு முதல் கரண்டி

அந்தக் காலத்து ஒசூரில் பேய் பிடித்தால்கூட விட்டுவிடும். உம்பளத்தார் பிடித்தால் விடமாட்டார்.

ஐம்பதுகளில் எங்கள் ரெவின்யூ ஆபீஸின் ரிக்கார்டு ரூம் குமாஸ்தா அவர். கரையான் மிச்சம் வைத்த ஒரு பதிவேட்டில் ‘உம்பளம்’ என்ற சொல்லைக் கண்ட நாளிலிருந்து மனிதர் வேறு எதையும் காணவில்லை. ஊர்வேலை செய்கிறவனுக்கு வரியில்லாமல் விட்ட நிலம் என்று அதிகாரி சொன்னார். அது போதுமா? நகல் கேட்டு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, “உங்க ஊட்ல இதுக்கு இன்னா அர்த்தம்?” என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். கன்னடக்காரர் ஒருவர், “உம்பளிங்க அது, உண்ணறதுலேருந்து வந்தது” என்றார். பாரூர் விவசாயி, ஏரி மடை திறக்கிறவனின் வயல் என்றார். தெலுங்குக் கடைக்காரர், அது தன் மாமனார் ஊர் என்று சத்தியம் செய்தார். மூன்றையும் ஒரே மரியாதையோடு எழுதிக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் நான் பெண் பார்க்கச் சூளகிரிக்கு அழைத்துப் போனேன். நான் அப்பா இல்லாத பிள்ளை. பெரியவராக உட்கார ஒரு வெள்ளை வேட்டி வேண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் காசிக்குப் போய்விடுவதாக அம்மா மிரட்டியிருந்தாள்.

பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். “அந்தச் சொல்ல மட்டும் எடுக்காதீங்க சார்.”

“சேச்சே! எனக்குத் தெரியாதாப்பா?”

ஒரு பஜ்ஜிவரை தாங்கினார். இரண்டாவதைக் கையில் எடுத்தவர், “ஏங்க, உங்க குடும்பத்துல உம்பள நெலம் ஏதாச்சும் உண்டுங்களா?” என்றார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்தது. உம்பளம் மாதிரி இனாம் நிலங்களையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்த சமயம். வந்திருப்பதோ ரெவின்யூ ஆபீஸ் ஆட்கள் இருவர்.

“யோவ், பொண்ணு பாக்க வந்தீங்களா, நெலம் புடுங்க வந்தீங்களா?” என்று எழுந்துவிட்டார்.

“அவர் சும்மா கேக்கறார் மாமா!” என்று உளறினேன். பெண்ணையே இன்னும் காட்டவில்லை, அதற்குள் மாமா!

அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. “சோறு வடிச்சதும் ஊர்க்காவக்காரருக்குன்னு மொத கரண்டி எடுத்து வெக்கறோம். எங்க ஊட்ல அதுதான் உம்பளம். அதுக்குமா சர்க்கார் வரும்?”

உம்பளத்தார் பஜ்ஜியைப் போட்டுவிட்டுப் பென்சிலோடு பாய்ந்தார். “இன்னொரு தபா சொல்லும்மா, மெதுவா!”

கதவோரம் சம்மணமிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுகிற அந்த முகத்தைப் பெண்ணின் அப்பா பார்த்தார். நிலம் பிடுங்குகிற முகமா அது? சிரித்துவிட்டார். கல்யாணமும் நடந்துவிட்டது.

தனிக்கட்டையான உம்பளத்தாருக்கு அதன்பின் ஞாயிறுதோறும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. இன்றும் சோறு வடித்ததும் என் மனைவி முதல் கரண்டியைத் தனியே எடுத்து வைக்கிறாள். எங்கள் தெருவுக்குக் காவல்காரர் கிடையாது. யாருக்கு என்று நான் கேட்பதில்லை.