ஆகாயத்தில் நின்றுபோன ஃபேன்

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஓடாத ஃபேனைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கரண்ட் போனால் எல்லோருக்கும் வருகிற கோபம்தான். ஆகாயத்தில் ஓடாத ஃபேனைப் பார்த்துக் கோபப்பட்ட மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் தங்கும் எங்கள் ஹாஸ்டலில் அவர் ‘நூத்தியிருவத்தஞ்சு’. விமானங்களைப் படம் எடுப்பதில் அவருக்குப் பைத்தியம். கேமராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு விநாடியை நூற்றிருபத்தைந்து பங்காகப் போட்டு, அதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால், பறக்கிற விமானத்தின் ஃபேன், அதாவது புரொப்பல்லர், சுற்றுவது படத்தில் வட்டமாக விழும். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் விமானம் துல்லியமாக வரும், ஆனால் ஃபேனின் ஆறு இறக்கைகளும் அப்படியே நின்றுவிடும்.

“ஃபேன் நின்னுட்டுன்னா அது பிளேனா? நூலு கட்டித் தொங்கவிட்ட பொம்மல!” என்பார், திருநெல்வேலித் தமிழில்.

இதில் ஒரு சிக்கல். நூற்றிருபத்தைந்தில் வைத்தால் ஃபேன் சுற்றும், ஆனால் கை ஒரு நூல் ஆடினாலும் விமானமே கலங்கிப்போகும். விமானம் போகிற வேகத்துக்கே இடுப்பைத் திருப்பிக்கொண்டு சுட வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டாமா? ஷிப்ட் மாறுகிற நேரத்தில் சாலையோரம் நின்று, முழங்கை நீள லென்ஸைக் கண்ணில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற கம்பெனி பஸ்களுக்கெல்லாம் இடுப்பைத் திருப்புவார். ஏதோ சர்வே எடுக்கிறார்கள் என்று நினைத்து சில டிரைவர்கள் சீட் பெல்ட் போட்டுக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்தான் பொறுமை இழந்தார்.

“சார், ஏறுறியா இல்லியா? சும்மா என்னியே பாத்து திரும்பிகினே கீற!”

“நீங்க போங்கண்ணே. நிக்காம போனாத்தான் எனக்கு உபயோகம்.”

அவர் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். யார் கண்ணுக்கும் தெரியாத கீறலைக் கண்டுபிடித்து, சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டாலும் ரிஜெக்ட் என்று எழுதுகிற ரகம். வேலையைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வரவும் தெரியாது. ஒருநாள் காலையில் எடுத்த படம் கலங்கிவிட்டது. உற்பத்தி லைனில் கோளாறு வந்தால் செய்வது போலவே, ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ஒரு தாளில் எழுதி மெஸ் சுவரில் ஒட்டினார். படம் ஏன் கலங்கியது? கை ஆடியது. கை ஏன் ஆடியது? மூச்சு நிற்கவில்லை. மூச்சு ஏன் நிற்கவில்லை? ஏப்பம் வந்தது. ஏப்பம் ஏன் வந்தது? பூரி. பூரி ஏன்? கடைசிக் கட்டத்தில் ‘ஓனரக்கா’ என்று எழுதியிருந்தது.

ஓனரக்கா என்பது ஹாஸ்டலின் சொந்தக்காரி. ஊரில் நாலு தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலத்தில் ஹாஸ்டல் கட்டி, அறுபது பேருக்குத் தானே நின்று சமைத்துப் போட்டார். தாளைப் படித்துவிட்டு, “நாளைலேந்து உனுக்கு மட்டும் கஞ்சி” என்றார். சொன்னபடியே ஒரு வாரம் கஞ்சிதான். அப்போதும் படம் கலங்கியது. விஞ்ஞானம் பூரியை விடுதலை செய்தது.

அந்தத் தாளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பெனியில் பழுதான பாகங்களை எல்லோரும் பார்க்க ஒரு பலகையில் மாட்டி, பழுது எங்கே என்று சிவப்பு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதே மாதிரி இவரும் கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு பலகை மாட்டினார். அதன் நடுவில் ஷட்டரை இரண்டாயிரத்தில் வைத்து எடுத்த ஒரு படம். தெள்ளத் தெளிவான விமானம், ஃபேனுக்குச் சிவப்பு அம்பு, பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ‘ஃபேன் நிற்கிறது’.

ஆறு மாதம் அதற்குக் கீழே கை கழுவினோம். யாரும் சட்டை செய்யவில்லை.

ஓனரக்காவின் ஒரே மகள், கம்பெனியில் உடன் வேலை பார்த்த தூத்துக்குடிப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று அக்கா நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது, டாக்டர் பயணமே கூடாது என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ரயிலில் இடமில்லை. பஸ் என்றால் அக்காவுக்குத் தாம்பரம் தாண்டுவதற்குள் வாந்தி. மாப்பிள்ளை வியாழக்கிழமைக்கு விமான டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பாடு போடும்போது அக்கா கேட்டார். “தம்பி, தூத்துக்குடி போற பிளேன் எப்டி கீறும்?”

நூத்தியிருவத்தஞ்சு பெருமையோடு பலகையைக் காட்டினார். “அதேதான்க்கா. ஃபேன் வச்சது.”

அக்கா முதல்முறையாக அந்தப் பலகையைப் படித்தார். கரண்டி கையிலேயே நின்றது.

“இதுல இருந்தவங்க இன்னா ஆனாங்க?”

“யக்கா, அது படத்துலதான் நிக்கி. நெசத்துல சுத்திட்டுதான் இருக்கு.”

“படம் பொய் சொல்லுமா? நீயே அம்பு போட்டு எழுதிகீற. வர்றவன் போறவன் எல்லாம் ஒரு கீறல உட மாட்டான்னு உன்னத்தான் சொல்றாங்கோ. நீ எழுதினா அது சரியாத்தான் இருக்கும்.”

வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவருடைய நேர்மை அவருக்கே வினையாக வந்தது. அக்கா டிக்கெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மகளுக்குப் போன் போட்டு, “ஒடம்பு சரியில்ல கண்ணு, அம்மாவால வர முடியாது” என்றார். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி அழுதார். நாங்கள் அறுபது பேரும் அன்று ரசத்தோடு எழுந்துவிட்டோம்.

மறுநாள் விடிந்ததும், லீவே எடுக்காத மனிதர் இரண்டு நாள் லீவு கேட்டார். காரணம் என்ற இடத்தில் ‘ஃபேன் சுற்றுவதை நிரூபிக்க’ என்று எழுதினார். வீட்டில் ஏதோ எலக்ட்ரிக் வேலை என்று நினைத்து சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய் காலை மொட்டை மாடியில் நின்று நூற்றிருபத்தைந்தில் சுட்டார். ஃபேன் அற்புதமான வட்டம். விமானம்தான் கலங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே காட்டினார்.

“ஃபேன் ஓடுது சரி,” என்றார் அக்கா. “பிளேன் இன்னாத்துக்கு இப்டி நடுங்குது?”

இப்போது அக்காவுக்கு இரண்டு பயம்.

புதன்கிழமை அவர் கேமராவை வானத்துக்குத் தூக்கவேயில்லை. மெஸ்ஸில் இருந்த டேபிள் ஃபேனை வெயிலுக்குத் தூக்கி வந்து, வயர் இழுத்து, அக்காவை எதிரே உட்காரவைத்தார்.

“காத்து வருதாக்கா?”

“வருது.”

இரண்டாயிரத்தில் ஒரு படம். காட்டினார். படத்தில் மூன்று இறக்கைகளும் தூசியோடு நின்றுகொண்டிருந்தன. எதிரே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அக்காவின் முந்தானை பறந்துகொண்டிருந்தது. அக்கா படத்தைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார், மறுபடி எடுக்கச் சொன்னார். அப்புறம், “மிக்ஸி?” என்றார். மிக்ஸியை மூடி திறந்து ஓடவிட்டு எடுத்ததில் எங்கள் இருவர் சட்டையிலும் தேங்காய்ச் சட்னி. படத்தில் சட்னி அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு சாலை வரை கேட்டிருக்கும்.

“சரி, போறேன். மொதல்ல அந்த அம்ப அழி.”

வியாழன் காலை மேற்குக் காற்று. காற்று மேற்கிலிருந்து அடித்தால் சென்னையில் கிளம்புகிற விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் ஏறிப் போகும். மாடியில் நானும் அவரும். வெளிச்சம் அருமை, வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. தூரத்தில் விமானத்தின் சத்தம் கேட்டதும் அவர் கேமராவின் சக்கரத்தைத் திருகினார். எட்டிப் பார்த்தேன். இரண்டாயிரம்!

“அண்ணே, ஃபேன் நின்னுடுமே!”

“நிக்கட்டும்ல. யக்கா ஜன்னலோரமா இருக்காவ. நூத்தியிருவத்தஞ்சுல எடுத்து அவிய கலங்கிட்டா என்ன செய்ய?”

சுட்டார். ஜன்னல் வரிசை எண்ணிவிடலாம் போல விழுந்திருந்தது. ஃபேன் குச்சி குச்சியாக நின்றது. ஐந்தாவது ஜன்னலில் வெளுப்பாகத் தெரிவது அக்காவின் கைக்குட்டைதான் என்று சத்தியம் செய்தார். எனக்கு ஜன்னல்தான் தெரிந்தது. ஆமாம் என்றேன்.

அக்கா நாற்பது நாள் கழித்து, பேரன் பிறந்த சந்தோஷத்தில் அதே விமானத்தில் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக, “தம்பி, நான் போன பிளேன புடிச்சியா? காட்டு” என்றார். பேரனுக்கு மொட்டை போட அடுத்த மாதம் மறுபடி அதே விமானத்தில் போக வேண்டும் என்றும் சொன்னார்.

நூத்தியிருவத்தஞ்சு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவிக்கொண்டே, “இல்லக்கா, அன்னைக்கி ஒரே மேகம்” என்றார்.

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான், அதற்காகவே அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.