கல்வெட்டுக்கு ஒரு படம்

ஏழாலை,
2-4-1973, இரவு.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சின்ன மாமாவுக்கு,

மருமகள் பத்மாசினி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடிதம் தொடங்கும்போது எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் என எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அம்மா நலம். அப்பா நலம். சிவப்பிப் பசு நலம். பக்கத்து வளவுக் கந்தப்பு அம்மான் காலமாகி இன்றைக்கு இருபத்தொன்பது நாள். அவருடைய தம்பி இளையதம்பி அம்மான் நலமில்லை, அதற்குக் காரணம் நான். கொழும்பில் உங்கள் அறையில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று தனியாக இன்னொரு முறை வேண்டியிருக்கிறேன்.

வெங்காயம் கட்டித் தொங்கவிட்ட அறையில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கேட்டால் கணக்குச் செய்கிறேன் என்று சொல்ல, கணக்குக் கொப்பி பக்கத்தில் விரித்தபடி இருக்கிறது. யன்னலால் பார்த்தால் வேலிக்கு அப்பால் அந்த வீட்டில் படத்துக்கு முன்னால் வைத்த விளக்கு தெரிகிறது. அதனால் யன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்கிறேன். முதுகுக்கு அது தெரியாது என்றுதான் நினைத்தேன், ஆனால் தெரிகிறது.

தொடாதே என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன பெட்டிக் கமராவை நான் தொட்டேன். முதலில் தூசி துடைக்கத்தான் தொட்டேன். துடைக்கும்போது உள்ளே பிலிம் இருப்பது பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் தெரிந்தது, நீங்கள் தாளில் எழுதி ஒட்டியிருந்த விதிகளும் தெரிந்தன: சூரியன் முதுகுப் பக்கம், எட்டடி தூரம், வயிற்றோடு சேர்த்துப் பிடி, மூச்சை அடக்கு. விதியெல்லாம் எழுதி வைத்திருந்தால் ஒரு பிள்ளை எப்படிச் சும்மா இருக்கும்? கோழியை எடுத்தேன், அது அசைந்தது. கிணறு அசையவில்லை, அதனால் கிணற்றை மூன்று முறை எடுத்தேன். நாலாம் முறை எடுக்கும்போது வேலிக்கு மேலால் கந்தப்பு அம்மான் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. அடுத்த நாள் முழுகி, சலவை வேட்டி கட்டி, கொஞ்சம் நொண்டும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்து, கிணற்றடிக் கல்லில் இருந்துவிட்டார்.

"என்ரை கல்வெட்டுக்கு ஒரு படம் எடு பிள்ளை. கதிரவேலு செத்ததுக்குக் கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலை இருந்து தலையை வெட்டிப் போட்டாங்கள். இண்டைக்கும் பார், அவன்ரை தோளிலை ஆற்றையோ கை கிடக்குது."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தின் அட்டையில் தன் முகம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவருக்குப் பெரிய கவலை. பிள்ளைகளும் இல்லை, செத்த பிறகு படம் தேட யார் இருக்கிறார்கள் என்றார். நான் உங்கள் விதிகள் நான்கையும் பிடித்து எடுத்தேன். அவருடைய மனைவி மகாதேவி மாமி பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றா. எடுத்து நாலாம் நாள் விடிய அவர் எழும்பவில்லை.

செத்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் மாமி அழுதழுது, பத்மா எடுத்த படம் இருக்கிறது, அதுவாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. செத்த வீடு என்றபடியால் அடி தள்ளிப்போடப்பட்டது. நான் பெரிய மனுசி மாதிரி, ஓம் மாமி, படம் கமராவுக்குள் பத்திரமாக இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே உள்ளே இருக்கிறாரா? அன்றிரவு, சத்தியமாகப் பார்க்கத்தான் மாமா, கமராவின் பின்கதவைத் திறந்து, பிலிமை இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கோழியும் இல்லை, கிணறும் இல்லை. வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று நீங்கள் அந்தத் தாளில் ஐந்தாவது விதியாக எழுதியிருக்கலாம்.

எட்டாம் நாள் படைக்கப் படம் வேண்டும் என்று மாமி இரண்டு தரம் கேட்டா. நீங்கள் அலுமாரியில் சேட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த புதுப் பிலிமை எடுத்தேன். பிலிம் தட்டுப்பாடு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். அம்மான்மார் இருவருக்கும் ஒரே முகம், ஒரே வழுக்கை, ஒரே காது. நடந்தால் நொண்டுகிறவர் அண்ணன், வாய் ஓயாதவர் தம்பி. இருந்தபடி வாய் மூடியிருந்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. படத்தில் நடக்கவும் முடியாது, கதைக்கவும் முடியாது. ஆகவே தம்பியை எடுத்து அண்ணன் என்று கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பதின்மூன்று வயதில் இதற்கு மேல் யோசனை வராது.

இளையதம்பி அம்மான் கலியாணம் கட்டாமல் அந்த வீட்டிலேயே இருப்பவர், பின்னேரங்களில் புகையிலைக் கொட்டில் வாசலில் போட்ட மர வாங்கில் இருப்பார். வெள்ளிக்கிழமை போனேன். மழை பெய்து விட்டபடியால் பிந்திவிட்டது, சூரியன் இல்லை, வௌவால் பறக்கத் தொடங்கிவிட்டது. வாங்கில் அவர் தனியாக இருந்தார். கொட்டிலுக்குள் புகை போட்டிருக்க வேண்டும், ஆனால் வாசம் வரவில்லை. அம்மான், ஒரு படம் எடுக்கட்டோ என்றேன். ஏன் என்று கேட்பார், அதற்குப் பொய் ஒன்று கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. கையை முழங்காலில் வைத்து நாடியை உயர்த்தினார்.

"கெதியா எடு பிள்ளை, நேரமில்லை" என்றார்.

இத்தனை பெரிய வாய்க்காரர் ஒரு வசனத்தோடு நிறுத்தியது அண்ணன் போன துக்கத்தில் என்று நினைத்து எனக்கே கண் கலங்கியது. எடுத்தேன். நன்றி சொல்ல நிமிர்ந்தபோது அவர் வாங்கில் இல்லை. பெரியவர்கள் கெதியாகப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

சுன்னாகத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மரியரட்ணம், குருநகர் ஆள், ஒரு படத்துக்காக ஒரு முழுப் பிலிமைக் கழுவக் கொடுத்தாயே என்று முதலில் ஏசினார். படத்தைத் தரும்போது ஏசவில்லை. எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று கேட்டார். ஆறரை என்றேன்.

"பெட்டிக் கமராவிலை அந்த நேரம் இருட்டுத்தான் விழும். இந்த மனிசன்ரை முகத்துக்கு வெளிச்சம் எங்கையிருந்து வருது?"

அம்மான் நல்ல சிவலை நிறம் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு கடையில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

எட்டன்று படத்தைக் கண்ணாடி போட்டு மாலை போட்டு விளக்கு வைத்தார்கள். கிளிநொச்சியில் இருந்து வந்த அம்மான்மாருடைய அக்கா, தம்பி தம்பி என்று படத்தைத் தடவினா. மாமி பார்த்துவிட்டு, தேத்தண்ணி பிந்தினால் இவர் என்னை இப்படித்தான் பார்க்கிறவர் என்று விம்மினா. பாவம், முப்பது வருஷம் கூட இருந்த மனுசிக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்தேன். கடைசியாக இளையதம்பி அம்மான் படத்துக்கு முன்னால் போனார். இது நான் என்று சொல்லப்போகிறார் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் கிட்டப் போய்ப் பார்த்தார், இன்னும் கிட்டப் போனார், நிறம் வெளுத்தது, வெளியே போய்ச் சாக்குக் கட்டிலில் படுத்தார். அன்றைக்குப் படுத்தவர்தான் மாமா. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, இருமல் மட்டும். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள், வருத்தம் ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணை கூப்பிடுறார் என்று மட்டும் மாமியிடம் சொன்னாராம். இப்போதும் இருமுகிறார், எனக்குக் கேட்கிறது.

எனக்குக் காரணம் தெரியும். உயிரோடு இருக்கிற மனிதருக்கு மாலை போட்டு, விளக்கு வைத்து, தேவாரம் பாடி, முருங்கைக்காய்க் கறி படைத்தால் அவர் எப்படி எழும்புவார்? கல்வெட்டும் அச்சாகி வந்துவிட்டது, இருநூறு பிரதி. அட்டையில் இளையதம்பி அம்மான், உள்ளே வெண்பாவில் கந்தப்பு அம்மான். நாளை மறுநாள் அந்தியேட்டி. ஐயர் மந்திரம் சொல்லிப் படத்தில் இருக்கிறவரைச் சிவலோகத்துக்கு அனுப்பிவைப்பார். ஐயருக்கு என்ன தெரியும்? படத்தில் யார் இருக்கிறாரோ அவரைத்தான் அனுப்புவார்.

உங்கள் பதில் வரும் முன் அந்தியேட்டி முடிந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் உங்களுக்கு எழுதிப் பார்த்தால் சொல்ல வாய் பழகும் என்று எழுதினேன். விடிந்ததும் இளையதம்பி அம்மானிடமே உண்மையைச் சொல்லிவிடுவேன். அடிக்கட்டும், அல்லது எழும்பட்டும். நீங்கள் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், அவர் போய்விட்டால் மன்னிக்க வேண்டாம்.

உங்களுக்கு நல்ல சாப்பாடும் நல்ல நித்திரையும் கிடைக்க வேண்டும். உங்கள் அறையில் இருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள (இந்த ஒரு விஷயம் தவிர) மருமகள்,
பத்மாசினி

பிற்குறிப்பு (3-4-1973, பகல்):

மாமா, மேலே எழுதியது எல்லாம் பிழை. பிலிமுக்காகக் கேட்ட மன்னிப்பை மட்டும் வைத்திருங்கள்.

காலையில் போய்க் கட்டிலடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இளையதம்பி அம்மான் கண்ணைத் திறந்து, எப்போது எடுத்தாய் என்று கேட்டார். எட்டுக்கு முதல் வெள்ளிக்கிழமை, பொழுதுபட, கொட்டிலடியில் என்றேன்.

"வெள்ளிக்கிழமை நான் கிளிநொச்சியிலை, பிள்ளை. அக்காவைக் கூட்டிவரப் போய் ஞாயிறுதான் வந்தனான். என்ரை சீவியத்திலை நான் படத்துக்கு இருந்ததில்லை."

நான் ஓரடி பின்னால் போனேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "படத்திலை தோளிலை கிடக்கிற சால்வையைப் பார். கரை கிழிஞ்ச சால்வை. கட்டையிலை அவரோடை வைச்சு என்ரை கையாலை கொள்ளி வைச்சனான். அதைப் பாத்துத்தான் பயந்து படுத்தனான். என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திட்டார் எண்டு நினைச்சன்."

பிறகு கூரையைப் பார்த்தார். "அப்ப, படத்துக்கோ வந்தவர்" என்றார். "நீ முதல் படத்தைப் பழுதாக்கினபடியால் வந்திருக்கிறார். அவ்வளவுதான்." எழும்பி இருந்தார். மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தரம் மாமியைக் கூப்பிட்டுக் கஞ்சி கேட்டார். மாமிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அடுப்படியில் மாமி சந்தோஷத்தில் அழுகிறா. எனக்கு மட்டும் இன்னும் பல் கிடுகிடுக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

நான் ஓடப்போகும்போது அவர் கையைப் பிடித்தார்.

"எனக்கும் இப்பவே ஒண்டு எடுத்து வை. பிறகு நானும் உன்னைத் தேடி வர ஏலாது."

பிலிம் இல்லை அம்மான், கொழும்பிலும் தட்டுப்பாடு, சின்ன மாமா வரும்போது கொண்டுவந்தால்தான் உண்டு என்றேன். அவர் கஞ்சியை ஊதிக் குடித்துக்கொண்டு சொன்னார்: "அவசரமில்லை, வரட்டும். படம் எடுக்காமல் நான் ஒரு இடமும் போக மாட்டன்."

ஆகையால் மாமா, நீங்கள் வரும்போது பிலிம் வாங்கி வர வேண்டாம். அடுத்த வருஷமும் வேண்டாம்.