மாத்திரை அட்டையில் ஒரு ஹெட்லைட்

கோயமுத்தூரிலேயே துளிகூட இரக்கம் இல்லாத மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் எங்கள் காம்பவுண்டின் மாடியைக் காட்டுவேன். அங்கே இருக்கிறவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்தவர், அதனால் பேட்டர்ன்காரர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் மணலில் அச்சுப் பதிக்க மரத்தில் ஒரு மாதிரி செய்வார்களே, அதுதான் பேட்டர்ன். ரிடையர் ஆனதும் அந்த வேலை போய், போனில் கார் படம் பார்க்கிற வேலை வந்தது. வாழ்நாளில் அவர் ஓட்டிய வண்டி ஒரு மொபெட்.

நான் கணபதி ஏரியாவில் அதே காம்பவுண்டின் முன்பக்கம் தையல்கடை வைத்திருக்கிறேன், பின்னால் வீடு. எனக்குக் கோபம் ஜாஸ்தி. ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று இன்னொரு தடவை கேட்டால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தைப்பது நன்றாக இருப்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் உக்கடத்தில் தோண்டிப் போட்டிருந்த குழியில் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. கையில் டம்ளர் நிற்கவில்லை. கத்தரிக்கோலைப் பற்றிப் பேச்சே இல்லை. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கிக்கொண்டே இருங்கள், சரியானாலும் ஆகும் என்றார். ஆகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். பந்தைச் சுவரில் எறிந்தேன்.

அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் பாவம் சொல்ல வந்தவர்கள். ஆப்பிளோடு வந்து, "இனி என்னங்க பண்ணுவீங்க மாஸ்டர்" என்று கேட்டுவிட்டு, என் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அத்தனை பேரையும் திட்டினேன். கை போனதால் இப்படி ஆகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். கை இருந்தபோதும் நான் இப்படித்தான்.

பேட்டர்ன்காரர் மட்டும் ஆப்பிள் கொண்டுவரவில்லை. வாசலில் நின்றுகொண்டே கேட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், கை சும்மாத்தான இருக்குது?"

"கை ஒடஞ்சு கெடக்குதுங்ணா."

"அதத்தானுங்க கேக்கறேன். சும்மாத்தான கெடக்குது. மேல வாங்க, வேலை இருக்குது."

மாடியில் கட்டில் முழுக்கப் பிளாஸ்டிக் துண்டுகள். ஆன்லைனில் வாங்கிய கார் கிட். துண்டுகளை ஒட்டினால் கைக்கு அடக்கமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வரும். அதை ஒட்டிவிட்டுப் போனால் மனிதர். இவருக்கு அந்தக் கார் வேண்டாம். நிஜத்தில் அந்தக் காரைச் செய்கிற இத்தாலிக் கம்பெனிக்காரன் பணக்காரர்களுக்கென்று விரல்விட்டு எண்ணும் அளவில் செய்த வேறொரு கார்தான் வேண்டும். அதற்குக் கிட்டே கிடையாது. அதனால் இருக்கிற காரின் பின்பக்கத்தை அறுத்து, இடுப்பை அகலமாக்கி, மூக்கை இறக்கி, அந்த அபூர்வ வண்டியாக மாற்றப்போகிறார். ஆதாரம், போனில் சில போட்டோ.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. உங்களுக்கு வெரல் மடங்காது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு ஆவுமில்லீங்க" என்று, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து என் வலது கையில் வைத்தார். இடது கைக்கு மாற்றினேன். பிடுங்கித் திரும்ப வலது கையில் வைத்தார். இடது கையால் தேய்த்தால் கோடு விழுமாம்.

அவருடைய மனைவி சரசக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாஸ்டருங்க, பேசாம ஓடிப் போயிருங்க" என்றார். அவருக்கு அனுபவம். டீ வடிகட்டியின் வலை அந்தக் காரின் முன்பக்கக் கிரில்லாகப் போயிருந்தது. ஐஸ்கிரீம் டப்பா பின்பக்க மூடியாகியிருந்தது. தீர்ந்த பேனா ரீபிள் சைலன்சர். சிவப்புப் பெயிண்ட் எதுவும் போட்டோவோடு ஒத்துப்போகவில்லை என்று டவுன்ஹால் கடைவீதிக்குப் போய், ஃபேன்சி ஸ்டோரில் நகப்பாலிஷ் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். கடைக்காரப் பெண், "யாருக்குங்கய்யா, அம்மாவுக்கா?" என்று கேட்டதற்கு, "இல்ல கண்ணு, பம்பருக்கு" என்றாராம்.

ஒருநாள் என் சட்டைப்பையை உற்றுப் பார்த்தார். வலி மாத்திரை அட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை பாக்கி இருக்குதுங்க?"

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. முதன்முதலாக என் உடம்பைப் பற்றிக் கேட்கிறார். நாலைந்து இருக்கும் என்றேன்.

"சீக்கிரம் முழுங்கிப் போடுங்க. அந்த அட்டையில மாத்திரை உக்காந்திருக்கற குமிழு இருக்குது பாருங்க, ஹெட்லைட்டு கண்ணாடிக்கு அளவெடுத்த மாதிரி இருக்குது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி அந்த ஆளைத் திட்டினேன். அடுத்த நாள் காலியான அட்டையோடு போனேன்.

தினமும் தேய்த்தேன். அறுத்து ஒட்டிய இடத்தில் அவர் பட்டி பூசுவார், நான் தேய்ப்பேன், விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி பூசுவார். விரல் வலித்தது. வலிக்குது என்று சொன்னால், "வலிச்சா வலிக்கட்டுங்க, இந்தப் பக்கம் இன்னும் மேடு இருக்குது" என்பார். அந்த ஆளை மனதுக்குள் திட்டாத நேரமில்லை. ஆனால் அங்கே இருக்கும்வரை கடையைப் பற்றிய நினைப்பு வரவில்லை. அதற்காகவே போனேன்.

கடைசியில் மேல்பாகத்தைச் சக்கரம் மாட்டிய அடிப்பாகத்தில் உட்கார வைக்கிற நாள் வந்தது. உட்காரவில்லை. சுற்றிலும் இடைவெளி. பெரியவர் செருப்பைச் சின்னப் பையன் போட்டதுபோல் தொளதொள என்று ஆடியது.

"கிட்டு கம்பெனிக்காரன் அடிப்பாகத்தைச் சின்னதாச் செஞ்சு ஏமாத்திப் போட்டானுங்க" என்றார்.

கடை மூடியும் பழக்கத்தில் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மேல்பாகத்தை அளந்தேன். அவர் சொன்ன அளவைவிட நூலளவு கூடுதலாக இருந்தது.

"உங்க டேப்பு இழுத்துப்போச்சுங்க மாஸ்டர்."

கோபம் வந்துவிட்டது. தையல்காரன் டேப்பைப் பழிக்கலாமா? அவருடைய ஸ்டீல் ஸ்கேலைப் பிடுங்கி என் டேப்பின் மேல் வைத்தேன். அவருடைய ஒவ்வோர் இஞ்சும் என்னுடையதைவிடக் கொஞ்சம் கொஞ்சம் நீளம். கீழே ஓடி வீட்டிலிருந்த பள்ளிக்கூட ஸ்கேலையும் எடுத்துவந்து வைத்தேன். அது என் பக்கம் சாட்சி சொன்னது.

பேட்டர்ன்காரர் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது வார்ப்பு ஸ்கேலுங்க" என்றார் மெல்ல. "இரும்பு ஆறுனா சுருங்குமுங்க. அதுக்காக பேட்டர்னக் கொஞ்சம் பெருசாச் செய்யோணும். அதுக்குன்னே இஞ்சை நீட்டி அடிச்ச ஸ்கேலு. கை பாட்டுக்கு எடுத்துப்போட்டுதுங்க."

"இரும்பு சுருங்கும். ஐஸ்கிரீம் டப்பா எங்கீங்ணா சுருங்கும்?"

சரசக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். "இவரு செஞ்ச பாத்ரூம் கதவு எதுக்கு மூட மாட்டீங்குதுன்னு இப்பத்தானுங்க தெரியுது" என்றார்.

அதற்கெல்லாம் அசரவில்லை அவர். "சரி, நடுவால அறுத்து ஒட்டிக்கலாம். மறுக்கா பட்டி பூசித் தேச்சுப் போடுங்க மாஸ்டர்" என்றார்.

வெடித்துவிட்டேன். குழியில் தொடங்கி, டாக்டர், பந்து, ஆப்பிள் கொண்டுவந்தவர்கள், இத்தாலிக்காரன், எல்லாரையும் சேர்த்துத் திட்டினேன். பேட்டர்ன்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"திட்டறதுன்னா திட்டுங்க. அந்தக் கத்திய மட்டும் அக்கட்டால வெச்சுப்போட்டுத் திட்டுங்க."

அப்போதுதான் பார்த்தேன். பிளாஸ்டிக் அறுக்கிற கத்தி என் வலது கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. விரல்கள் பிடியைச் சுற்றி இறுக்கமாக மடங்கியிருந்தன. என் திட்டு பாதியில் நின்றுபோனது. சரசக்கா சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேட்டர்ன்காரரும் கையைப் பார்த்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"புடிச்சதுதான் புடிச்சீங்க, அப்படியே இந்த மூலைய அறுத்துப் போடுங்க" என்றார்.

அறுத்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் கோணலாகப் போனது. அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கார் முடிந்தது. சிவப்பாக, தரையோடு தரையாக, திருட்டுப் பூனை மாதிரி அவர் வீட்டுப் பழைய டிவிப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட்டைப் பார்த்தால் எனக்கு மட்டும் மாத்திரைக் கசப்பு நினைவுக்கு வரும். கத்தரிக்கோல் கைக்குப் பழகி, மறுபடி கடையைத் திறந்த அன்று மைசூர்பா டப்பாவோடு மாடிக்குப் போய், "ரொம்ப நன்றிங்ணா" என்றேன். எனக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை, கரடுமுரடாகத்தான் வந்தது.

"எதுக்குங்க? வேலை எனக்குத்தான நடந்துச்சு" என்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவின் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல மூடிங்க. அடுத்த வண்டிக்கு முன்கண்ணாடி ஆவும்."

இப்போது முகூர்த்த சீசன். வெட்ட வேண்டிய ஜாக்கெட் துணி மேஜை முழுக்கக் கிடக்கிறது. மாடியிலிருந்து அழைப்பு வருகிறது, புதுக் காருக்குக் கதவு அறுக்க வேண்டுமாம். எனக்கு வேறு பிழைப்பு இல்லையா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறேன். அப்புறம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வலது கையால் ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டுப் படியேறுகிறேன்.