மருமகன் எத்தனை கூடை போட்டான்?

அன்றைக்கு எனக்குத் தரப்பட்ட வேலை ஒன்றுதான். வானொலியைக் கேட்க வேண்டும். தங்கையின் மகன் தயாபரன் எத்தனை கூடை போடுகிறான் என்று தாளில் குறிக்க வேண்டும்.

தயாபரனுக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். அந்த உயரத்தை வீணாக்காமல் இலங்கைக் கூடைப்பந்து அணியில் சேர்த்துவிட்டார்கள். அன்று கொழும்பில் மாலைதீவு அணியோடு ஆட்டம். தமிழில் நேர்முக வருணனை உண்டு என்று முதல் நாளே வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

சாதாரணமாக இருந்தால் கேட்டுவிட்டுப் படுத்திருப்போம். ஆனால் வட்டுக்கோட்டையில் இருந்து செல்லத்துரையார் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய மகளைத்தான் தயாபரனுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் பொருந்திவிட்டது. சீதனமும் பேசி முடிந்தது. செல்லத்துரையாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

தரகரிடம் அவர் சொன்னாராம்: "இலங்கைக்கு விளையாடுற பெடியன் எண்டு சொல்லுறியள். சரி. ஆனால் டீமிலை இருக்கிற எல்லாரும் விளையாடுறேல்லையாமே. கரையிலை வாங்கிலை குந்தியிருந்து தண்ணி குடுக்கிறவையும் இருக்கினமாம். இவர் எந்த வகை?"

நியாயமான கேள்வி. சண்டையால் கொழும்புக்குப் போய்ப் பார்க்கப் பாதை இல்லை. கடிதம் போய் வர மாதக்கணக்காகும். வானொலிதான் சாட்சி.

தங்கை மகேசு என்னிடம் வந்தாள். "அண்ணை, நீங்கள்தான் எண்ண வேணும். உங்களைப் போல ஒருத்தருக்கும் கணக்குச் சரிவராது."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் கதைக்க வராது. ஆனால் எண்ணச் சொன்னால் எண்ணுவேன். கொடியில் காய்கிற துணியைக்கூட எண்ணித்தான் எடுப்பேன். தங்கை அப்படிச் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேதான் பிழை தொடங்கியது.

மின்சாரம் இல்லை. பற்றரி மருந்துக்கும் கிடையாது. உடுவிலில் எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் எடுத்துத்தான் வானொலி கேட்போம். மெதுவாகச் சுற்றினால் அறிவிப்பாளர் முணுமுணுப்பார். வேகமாகச் சுற்றினால் அலறுவார். கையை விட்டால் அந்த நொடியே அடங்கிவிடுவார்.

சுற்றும் பொறுப்பு தயாபரனின் தகப்பன் நடராசா மச்சானுக்கு. நல்ல மனிதர். ஆனால் மகன் பேரைக் கேட்டால் ஆள் ஒரு நிலையில் நில்லார்.

நான் தாளில் மூன்று பத்தி கோடு போட்டேன். பந்து பிடித்தது, கூடைக்குள் போட்டது, ஃபவுல். பென்சிலைச் சீவினேன். செல்லத்துரையார் குடையை மடித்துக் கதிரையில் சாத்திவிட்டு, தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அவர் கண் முழுக்க என் தாளில்.

ஆட்டம் தொடங்கியது.

"பந்து இப்போது தயாபரனின் கையில்! இருவரைக் கடந்து செல்கிறார்! மேலே எழுகிறார்! எறிகி..."

நிசப்தம்.

நடராசா மச்சான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். "என்ரை பிள்ளை!"

"பெடலைச் சுத்துங்கோ!" என்று மகேசு கத்தினாள்.

மச்சான் பாய்ந்து சுற்றினார். வானொலிக்கு உயிர் வந்தபோது பந்து மாலைதீவுக்காரனிடம் இருந்தது.

நான் 'பிடித்தது' பத்தியில் ஒரு கோடு போட்டேன். 'போட்டது' பத்தியில் ஒன்றும் போடவில்லை.

"அண்ணை, போட்டதையும் எழுதுங்கோவன்!"

"போட்டதை நான் கேக்கேல்லை."

"முந்தி ரெண்டு, இப்ப நாலு எண்டு சொல்லுறான். பிறகு ஆர் போட்டது?"

"ஆர் போட்டதெண்டு அவன் சொல்லேல்லை."

மகேசு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறையும் அதேதான். தயாபரன் மேலே எழுவான், தகப்பன் பெடலை விட்டுவிட்டு எழும்புவார், அறிவிப்பாளர் பாதிச் சொல்லில் உயிரை விடுவார். ஃபவுல் மட்டும் ஒன்றும் தப்பவில்லை. மகன் ஃபவுல் செய்யும்போது மச்சானுக்குச் சந்தோசம் வராதபடியால் கை பெடலிலேயே இருந்தது. ஒவ்வொரு ஃபவுலும் கணீரென்று கேட்டது.

இடைவேளை வந்தது. செல்லத்துரையார் குனிந்து என் தாளை வாசித்தார்.

"பிடிச்சது பதினொண்டு. போட்டது சுழி. ஃபவுல் மூண்டு." நிமிர்ந்தார். "அப்ப பெடியன் பந்தைப் பிடிக்கிறார். ஆக்களை இடிக்கிறார். வேறை ஒண்டும் செய்யிறேல்லை?"

"ஐயோ, அப்பிடியில்லை! இவர் கையை விட்டிட்டார், அண்ணை எழுதாமல் விட்டிட்டார்!" என்றாள் மகேசு.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. தரகரிடம் 'பிறகு சொல்லுறன்' என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் குரல்தான் வரும்.

மகேசு என்னையும் மச்சானையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். "அண்ணை, இந்தச் சம்பந்தம் போனால் நான் உங்களோடை கதைக்க மாட்டன். இனி நீங்கள் சுத்துங்கோ. நான் எழுதுறன். இவர் இஞ்சை கிணத்தடியிலை இருக்கட்டும்."

"நான் என்னடியப்பா செய்தனான்?" என்றார் மச்சான்.

"சந்தோசப்பட்டியள். அது காணும்."

இரண்டாம் பாதியில் நான் சுற்றினேன். எவ்வளவு ஒழுங்காகச் சுற்றினேன் என்றால் அறிவிப்பாளரின் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ஒரே வேகம் வருவதற்காகப் பெடல் சுற்றை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். அதனால் ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெடல் கணக்கு மட்டும் சுத்தமாக இருந்தது.

மகேசு வேறு விதமாக எண்ணினாள். கொழும்பில் சனம் ஆரவாரம் செய்தால் ஒரு கோடு. தயாபரனின் பேரைச் சொன்னால் இரண்டு கோடு.

ஆட்டம் முடிந்தது. நாங்கள் வென்றுவிட்டோம். செல்லத்துரையார் இப்போது மகேசின் தாளை வாங்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, ரெண்டாம் பாதியிலை இலங்கை முழுக்கச் சேந்து எடுத்தது முப்பத்திரண்டு. உங்கட மகன் மட்டும் நாப்பது எடுத்திருக்கிறார்."

மகேசு தாளைத் திருப்பி வாங்கி மடித்தாள்.

அப்போதுதான் கடவுள் அனுப்பினது போல அறிவிப்பாளர் சொன்னார்: "இனி ஒவ்வொரு வீரரும் பெற்ற புள்ளிகளை நேயர்களுக்கு வாசிக்கிறோம்."

மகேசு என் தோளில் கை வைத்தாள். கிணற்றடியில் இருந்து மச்சான் ஓடி வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொரு புள்ளியும் தெளிவாக வந்தது.

"அடுத்து, தயாபரன்..."

இவ்வளவு முக்கியமான கணக்கை எழுதாமல் விடலாமா? காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கக் கையைத் தூக்கினேன்.

நிசப்தம்.

"அண்ணை!"

"மச்சான்!" என்று நடராசாவும் என்னைப் பார்த்துக் கத்தினார்.

திரும்பப் பாய்ந்து சுற்றினேன். வானொலி சொன்னது: "அடுத்து வருவது நாதஸ்வர இசை."

நாதஸ்வரம் தொடங்கியது. ஒருவர் முகத்தையும் பார்க்க வெட்கமாக இருந்தது. அதனால் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு கீர்த்தனை முழுவதும் ஒழுங்காகக் கேட்டது.

கீர்த்தனை முடியச் செல்லத்துரையார் தொண்டையைச் செருமினார்.

"நான் உங்கட தாளை நம்பியிருக்கேல்லை. முதல் பாதியிலை ரேடியோ செத்தது ஒம்பது தரம். அதிலை ஏழு தரம் உயிர் வரேக்கை எங்கட பக்கம் ரெண்டு கூடியிருந்தது. தகப்பன் சும்மா கையைத் தூக்க மாட்டார். ரெண்டாம் பாதி வடிவாக் கேட்டது. அதிலை நாலு கூடை. எல்லாமாப் பதினொரு கூடை, இருபத்திரண்டு புள்ளி."

மகேசுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப... உங்களுக்குச் சம்மதமோ?"

"ஓம், சம்மதம். ஆனால் ஒண்டு சொல்லுறன்." அவர் குடையை எடுத்து, அதன் நுனியால் என்னைக் காட்டினார். "கலியாண வீட்டிலை பந்திக்கு ஆள் எண்ணுற வேலையை இவருக்குக் குடுக்கக் கூடாது."

அடுத்த வருடம் தயாபரன், தரைப்பாதை இல்லாததால், கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்து சேர்ந்தான். வந்த அன்றே அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "தம்பி, அண்டைக்கு எத்தினை புள்ளி எடுத்தனி?" என்று கேட்டேன்.

"ஆர் மாமா அதையெல்லாம் எண்ணினது?" என்றான்.

கலியாணம் நன்றாக நடந்தது. பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.